கிண்ணக் கணக்கு

நான் காபி போடப் போயிருந்த நேரத்தில்
என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள்.
தட்டோடு திரும்பியபோது
பதினெட்டுப் பெண்கள் கைதட்டினார்கள்.
இருபத்தாறு வருஷம் சுமந்த சாவிக்கொத்தை
சர்க்கரைக் கிண்ணத்துப் பக்கம் வைத்துவிட்டு
ஸ்டெய்னுன் இரண்டாவது கேக் துண்டை எடுத்தாள்.
அவள் இரண்டாவது துண்டு எடுத்து
அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

கல்டாவிக் மீட்புப் படை, பெண்கள் பிரிவு.
படகு கடலுக்குப் போகும்,
நாங்கள் சூப் வைப்போம்.
அந்தப் படகின் எஞ்சினும் எங்கள் காசு:
கேக் விற்றது, பழைய ஸ்வெட்டர் விற்றது,
ஈஸ்டருக்கு முன்பு மீன் உருண்டை விற்றது.
ஆண்டறிக்கையில் அது ஒரு வரி.
அதிலும் எழுத்துப்பிழை.

பிப்ரவரியில் மீன் ஆலையை விற்றார்கள்.
விசில் நின்றுபோனதால்
பகல் பன்னிரண்டு எப்போது என்று
யாருக்கும் தெரியவில்லை.
லீனா நார்வேக்குப் போனாள்.
ஹால்பெரா மகளோடு தலைநகருக்கு,
வாஃபிள் இரும்பையும் எடுத்துக்கொண்டு.
அது பிரிவின் சொத்து.
கேட்க வாய் வரவில்லை.
கணக்கில் ‘தேய்மானம்’ என்று எழுதினேன்.

மே மாதம் தலைமையகத்திலிருந்து கடிதம்.
ரொம்ப மரியாதையான கடிதம்.
இந்தக் காலத்தில்
பெண்களுக்கென்று தனியே ஒரு பிரிவு
தேவைதானா, யோசியுங்கள் என்று.

“நான் படகிலேயே போகிறேன்,
எனக்கெதற்குத் தனி அறை?” என்றாள் சுன்னேவா.
“சேர்ந்தால் நம் பணம் முழுக்க
அவர்கள் வண்டிக்கு டயராகும்” என்றாள் ஆஸ்கெர்துர்.
இரண்டும் சரியாகத்தான் பட்டது,
அதுதான் என் கஷ்டம்.
சூப் பானையில் சீட்டுப் போட்டோம்.
எட்டு. எட்டு. ஒன்று வெற்றுச் சீட்டு.
யார் இந்தக் கோழை என்று
எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்,
மற்றவர்களைப் போலவே.

செப்டம்பரில் போஷெனா கதவைத் தட்டினாள்.
ஆலையில் பதினொரு வருஷம் மீன் அறுத்தவள்,
இப்போது பள்ளிக்கூடம் துடைக்கிறாள்.
பின்னால் இன்னும் இருவர், வெளியே மழையில்.
இங்கே பிறந்திருக்க வேண்டுமா என்று கேட்டாள்.
பழைய விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
‘நற்பெயருள்ள பெண்’ என்று மட்டும் இருந்தது.
எங்களுக்கே அது கொஞ்சம் தட்டுப்பாடுதான்,
உள்ளே வாருங்கள் என்றேன்.

நவம்பர். இரவு மூன்று மணி. மின்சாரம் இல்லை.
பாறையில் ஒரு படகு, அதில் ஐந்து பேர்.
ஆட்டுக்கறி சூப் விடிவதற்குள் தீர்ந்தது.
போஷெனா ஒரு வாளி தூக்கிக்கொண்டு வந்தாள்,
புளித்த கம்பு மாவில் வைத்த கஞ்சி மாதிரி ஒன்று.
ஆஸ்கெர்துர் கரண்டியில் எடுத்து உப்புப் பார்த்தாள்,
முகம் சுளித்தாள்,
மறுபடி எடுத்தாள்,
ஒன்றும் சொல்லாமல் ஊற்ற ஆரம்பித்தாள்.

சுன்னேவா வந்தாள்.
கயிறு அறுத்த உள்ளங்கை, கரண்டி பிடிக்க முடியவில்லை.
மே மாதத்திலிருந்து அவளோடு பேசாத ஆஸ்கெர்துர்
பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள்,
“வாயைத் திற, ஆறிவிடும்” என்ற
இரண்டே சொல்லோடு; அதுவும் அதட்டலாக.

நான்கு பேரைக் கொண்டுவந்தார்கள்.
ஐந்து கிண்ணம் வைத்திருந்தேன்.
எட்டு மணிக்கு அரைகுறை வெளிச்சம் வந்தபோது
ஐந்தாவதில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.
மற்ற எல்லாவற்றையும் கழுவினோம்.
அதைச் சுற்றி மேசையைத் துடைத்தோம்.
கடைசியில் போஷெனாதான் எடுத்தாள்,
குழாயடியில் வெகுநேரம் நின்றாள்.
முதுகு மட்டும் தெரிந்தது.

கடிதம் இன்னும் குளிர்பெட்டிக் கதவில்,
ஒரு மீன் காந்தத்தின் கீழே.
பதில் எழுதவில்லை. எழுத வேண்டும்.
வெற்றுச் சீட்டு யாருடையது என்றும்
ஒருநாள் சொல்ல வேண்டும்.

இன்று மறுபடி ஆண்டுக் கூட்டம்.
கணக்கு வாசித்தேன், கிண்ணங்கள் உட்பட.
அடுத்து, தலைவி தேர்தல்.
அடுக்களையில் கெட்டில் கூவுகிறது,
கூவிக்கொண்டே இருக்கிறது.
இருபது பெண்கள்.
ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.